நோட்டீஸ் காலத்தில் வந்த கப்பல்

இந்த ஆண்டில் மட்டும் நான்கு பேர் என்னைப் போனில் கூப்பிட்டுவிட்டார்கள். நால்வரும் தூத்துக்குடித் துறைமுகத்தில் சர்வே கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். கம்பெனிகள் நிரந்தர ஆட்களைக் குறைத்து, கப்பலுக்குக் கப்பல் ஒப்பந்தத்தில் ஆள் எடுக்கத் தொடங்கியதிலிருந்து எல்லோருக்கும் ஒரே யோசனை. வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் தொழில் செய்தால் என்ன?

"அண்ணாச்சி, நீங்க அப்பமே விட்டுட்டு வந்தீங்கல்லா? பயமா இல்லியா?" என்று கடைசியாகக் கேட்டவரிடம், "பொறவு சொல்லுதேன்" என்று போனை வைத்துவிட்டேன். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

பயமாகத்தான் இருந்தது. வேலையை விட நினைக்கத் தொடங்கிய பிறகு வந்த சில மாதத்தில் ஏழு கிலோ இளைத்தேன். சர்க்கரையாக இருக்குமோ என்று டாக்டர் இரண்டு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை இல்லை. "மனசுல என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். வேலையை விடப் போகிறேன் என்று அவரிடம் சொல்லக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் டிராஃப்ட் சர்வேயராக இருந்தேன். அது என்ன வேலை என்று வெளியாட்களுக்குத் தெரியாது. என் மாமனாருக்கே கடைசி வரை தெரியவில்லை. மருமகன் நிலம் அளக்கிறவர் என்றே தன் ஊரான பெரியதாழையில் சொல்லிக்கொண்டிருந்தார். ஐம்பதாயிரம் டன் நிலக்கரியோடு வரும் கப்பலை எந்தத் தராசிலும் ஏற்ற முடியாது. கப்பலையே தராசாக்க வேண்டும். அதன் முன்பக்கம், நடுப்பக்கம், பின்பக்கம் என்று இரு புறமும் வெள்ளை பெயிண்டில் எண்கள் எழுதியிருக்கும். தண்ணீர் எந்த எண்ணில் நிற்கிறது என்று ஆறு இடத்திலும் படிக்க வேண்டும். அலை சும்மா இருக்காது. ஏறிய இடத்தையும் இறங்கிய இடத்தையும் பார்த்து நடுவை எடுக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் தவறினால் ஐம்பது டன் தவறிப்போகும். பிறகு வாளியில் கடல்நீர் மொண்டு, ஹைட்ரோமீட்டர் என்ற கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்க வேண்டும்.

அதன் பிறகு டாங்குகள். சரக்கு இறங்க இறங்கக் கப்பல் தக்கைபோல மேலே எழும்பிவிடாமலிருக்க, அதன் டாங்குகளில் கடல்நீரை ஏற்றுவார்கள். ஒவ்வொரு டாங்குக்கும் மேல்தளத்திலிருந்து ஒரு குழாய் இறங்கும். அதற்குள் பித்தளைக் குண்டு கட்டிய டேப்பை விட்டு, எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துக் கழிக்க வேண்டும். கழிக்கத் தவறினால், அந்தத் தண்ணீர் கப்பலிலிருந்து இறங்காத நிலக்கரியாகக் கணக்கில் உட்கார்ந்துகொள்ளும்.

என் அப்பா தோணியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வந்தவர். மாதச் சம்பளம் என்பது எங்கள் குடும்பத்தில் என்னோடுதான் தொடங்கியது. இருபத்துநாலு வயதில் சேர்ந்தேன். இரண்டு வருடம் வாளி தூக்கினேன், இரண்டு வருடம் எண் படித்தேன், அப்புறம்தான் தனியாகக் கப்பலுக்கு அனுப்பினார்கள். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. சொல்ல வேண்டியது எங்கள் மேலாளர் சுயம்புலிங்கம் சாரைப் பற்றி.

உடன்குடிப் பக்கத்துக்காரர். வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்டது. நாற்காலியில் கைக்குட்டையை விரித்துத்தான் உட்காருவார். மேசையில் சீவிய பென்சில்கள் வரிசையாகக் கிடக்கும். கணக்கு முடிகிற வரை பேனாவைத் தொட மாட்டார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. திட்டுகிற மேலாளராக இருந்தால் திட்டு வாங்கிவிட்டு வெளியே வந்து ஒரு டீ குடித்து மறந்துவிடலாம். இவர் நம் அறிக்கையைக் கையில் வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பென்சில் முனையை நகர்த்திக்கொண்டே போவார். நாம் நின்றுகொண்டிருக்க வேண்டும். ஏதாவது ஓர் எண்ணில் பென்சில் நிற்கும். நிமிராமல் கேட்பார்: "இது நீரு பாத்தீரா, கேட்டீரா?" பார்த்தது என்றால் பென்சில் மேற்கொண்டு நகரும். கேட்டு எழுதியது என்றால், "போய்ப் பாத்துட்டு வாரும்" என்பார். கப்பல் நங்கூரத்தில் கிடந்தாலும் சரி, மழை கொட்டினாலும் சரி. இருபத்துநாலு வருடம் அவருக்குக் கீழ் வேலை பார்த்தேன். 

நாற்பத்தெட்டாவது வயதில் எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. ஒடிசாவில் பாரதீப் துறைமுகம். பெரியவள் பன்னிரண்டாம் வகுப்பு, சின்னவள் ஒன்பது. என் மனைவி ஜெனோவாவுக்குப் பள்ளி அலுவலகத்தில் சின்ன வேலை. நான் தனியாகப் போய் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டு ஓய்வு பெறும் வரை ஓட்டலாம். அப்படிப் பலர் ஓட்டினார்கள். ஆனால் அந்த நேரத்தில்தான் கதிரேசன் அண்ணாச்சி என்னிடம் பேசினார். நிலக்கரி இறக்குமதி செய்கிறவர். மாதம் இரண்டு மூன்று கப்பல் அவருக்கு வரும்.

"பாரதீப்புல போயி என்னத்தவே செய்யப் போறீரு? வெளிய வாரும். நம்ம கப்பல் பூரா உமக்குத்தான். நான் சொன்னா சொன்னதுதான்."

ஒரே ஒரு ஆளின் வாய்வார்த்தை. அதை நம்பித்தான் ஆரம்பித்தேன். உரிமத்துக்கு எழுதிப் போட்டேன். விடுமுறை எடுத்துச் சென்னைக்குப் போய் ஒரு ஹைட்ரோமீட்டரும் புது டேப்பும் வாங்கி, அளவு சரிதான் என்று சான்றிதழும் வாங்கி வந்தேன். முகவரிச் சீட்டு அடிக்க அச்சகத்துக்குப் போனேன். கடைக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, "கம்பெனி பேரு?" என்றார். "கம்பெனி இல்ல. என் பேருதான்" என்றேன். "பேரு மட்டும் போட்டா மொட்டையா இருக்குமே சார்" என்றார். சரி, பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். அந்த வார்த்தை ஒரு வாரம் என்னோடு திரிந்தது.

இதில் எதையும் ஜெனோவாவிடம் சொல்லவில்லை. பணத்தைப் பற்றிக் கேட்பாள், பிள்ளைகளைப் பற்றிக் கேட்பாள், என்னிடம் பதில் இருக்காது. ஹைட்ரோமீட்டரை அவளுடைய பழைய சேலை ஒன்றில் சுற்றி பீரோவின் மேல்தட்டில் வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பார்த்தால், கட்டிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கண் சிவந்திருந்தது.

"என்ன நோய் உங்களுக்கு? எத்தன நாளா மறைக்கீங்க?"

கண்ணாடிக் குழாய், உள்ளே ஈயக்குண்டு, பக்கத்தில் ஏதோ சான்றிதழ். மருத்துவச் சாமான் என்று நினைத்துவிட்டாள். நான் மெலிந்துகொண்டு வந்ததும் சேர்ந்துகொண்டது. நோயில்லை என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாரதீப், அண்ணாச்சி, உரிமம். கேட்டு முடித்தவள் குழாயை மறுபடி சேலையில் சுற்றினாள். அப்புறம், "நோயின்னாக்கூட டாக்டர்ட்ட காட்டலாம். இதுக்கு யாருட்டங்க போய்க் கேப்போம்?" என்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. செய்யுங்கள் என்றும் சொல்லவில்லை. அன்று முதல் அவளும் பயந்தாள், அவ்வளவுதான். பயப்பட வீட்டில் இரண்டு பேர் ஆனோம்.

கடிதத்தை எழுதி எட்டு நாள் சட்டைப்பையில் வைத்திருந்தேன். ஒன்பதாம் நாள் சுயம்புலிங்கம் சார் மேசையில் வைத்தேன். அவர் பென்சிலை எடுத்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நகர்த்தினார். எங்கும் நிற்கவில்லை. மேசை டிராயரைத் திறந்து கடிதத்தை உள்ளே வைத்து மூடினார்.

"சாப்பிட்டீரா?" என்றார்.

"இல்ல சார்."

"போய்ச் சாப்பிடும்."

மூன்று மாத நோட்டீஸ். நாட்கள் போயின, அவர் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. கடிதம் டிராயரிலேயே இருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன்: அதை அவர் ஒருநாள் எடுத்து என் முன்னாலேயே கிழித்துப்போட்டு, "போய் வேலையப் பாரும்" என்று சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். அப்படிச் சொன்னால் நான் தோற்றதாக ஆகாது, பயந்து பின்வாங்கியதாகவும் ஆகாது. தினமும் காலையில் அந்த டிராயரைப் பார்த்தபடிதான் உள்ளே நுழைவேன்.

நோட்டீஸ் முடிய மூன்று வாரம் இருக்கும்போது அந்தக் கப்பல் வந்தது. இந்தோனேசிய நிலக்கரி. சரக்கு, கதிரேசன் அண்ணாச்சியுடையது. வந்தவுடன் முதல் சர்வே எடுத்தேன், ஒரு குறையுமில்லை. ஐந்து நாளில் சரக்கு இறங்கி முடிந்தது. ஆறாம் நாள் காலை கடைசி சர்வே; இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இறங்கிய சரக்கு. சாயங்காலம் ஐந்து மணிக்கு, துறைமுகத்திலிருந்து கப்பலை வெளியே கொண்டுபோகும் பைலட் ஏறுவார், கப்பல் புறப்பட்டுவிடும்.

கேப்டனுக்கு அடுத்தவரான சீஃப் ஆபீசர் ஒரு பர்மாக்காரர், முப்பது வயதுக்குள் இருக்கும். இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. படகில் சுற்றிவந்து எண்களைப் படித்தபோது, கப்பல் வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருப்பதைப் பார்த்தேன். ஏன் என்று கேட்டேன். எண்ணெய் அந்தப் பக்க டாங்கில் அதிகம் என்றார். எழுதிக்கொண்டேன். பிறகு வெயிலில் டாங்கு டாங்காக டேப் விட்டோம். நான்காம் நம்பர் வலப்பக்க மேல் டாங்குக்கு வந்தபோது, அது காலி, நேற்றே வடித்தாகிவிட்டது என்றார். குண்டை இறக்கினேன். 'டக்' என்று முட்டியது. மேலே இழுத்தேன், காய்ந்திருந்தது. நோட்டில் குறித்தேன்: 'நாலு வலது, 3.15, உலர்ந்தது.' அடுத்த டாங்குக்குப் போய்விட்டேன். என் மனம் முழுக்க வேறெங்கோ இருந்தது. அன்று காலையில்தான் பெரியவள் கல்லூரி விண்ணப்பத்தில் அப்பாவின் வேலை என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டிருந்தாள்.

கணக்குப் போட்டால், ஏற்றிய இடத்து ரசீதில் உள்ளதைவிடச் சரக்கு முந்நூற்று நாற்பது டன் குறைகிறது. கப்பலின் கேப்டன் ஒப்புக்கொள்ளாமல், ஆட்சேபம் தெரிவித்து எழுதிக் கையெழுத்திட்டார். சீஃப் ஆபீசர் என் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு குறைவுக்குக் கப்பல் தரப்புதான் அண்ணாச்சிக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும். ஏன் குறைந்தது என்று முதலில் அவரிடம்தான் கேட்பார்கள்.

நான் அலுவலகத்துக்கு வந்து சேருவதற்குள் அண்ணாச்சி கூப்பிட்டுவிட்டார். குரலில் சந்தோஷம். "நல்லாப் பாத்திருக்கீருவே! இப்படி ஆளுதான் எனக்கு வேணும். அடுத்த மாசம் ரெண்டு கப்பல் வருது, ரெடியா இரும்."

மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் அறிக்கையைச் சுத்தமாக எழுத உட்கார்ந்தேன். மணி ஒன்றரை. டாங்கு அட்டவணையின் நகலைப் பக்கத்தில் விரித்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே வந்தேன். நான்காம் நம்பர் வலது. குழாயின் முழு ஆழம் 6.80 மீட்டர் என்று அச்சடித்திருந்தது. என் நோட்டில் 3.15.

குண்டு அடியைத் தொடவே இல்லை. பாதி வழியில் எதிலோ முட்டி நின்றிருக்கிறது. துருவோ, சேறோ, வளைந்த குழாயோ. அதற்குக் கீழே டாங்கு காலியாகவும் இருக்கலாம், தண்ணீராகவும் இருக்கலாம். கப்பல் வலப்பக்கம் சாய்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. 

அடுத்த நாற்பது நிமிஷத்தைப் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, ஜெனோவாவிடம்கூட. நோட்டை மூடினேன். அதைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன். இறங்கிப் போய் எதிரே இருந்த ஹோட்டலில் சோறு வாங்கி உட்கார்ந்தேன். மணி இரண்டு. ஐந்து மணிக்குக் கப்பல் போய்விடும். போய்விட்டால் அந்த டாங்கு யார் கண்ணுக்கும் தெரியாது. அறிக்கையில் இருப்பது கம்பெனி முத்திரை, என் பெயர் அதன் கீழே சின்னதாக. மூன்று வாரத்தில் நான் கம்பெனியிலேயே இல்லை. அடுத்த மாதம் இரண்டு கப்பல் காத்திருக்கிறது. திரும்பப் போய்த் திறந்து, தண்ணீர் இருந்துவிட்டால் என்ன ஆகும்? துறைமுகம் சின்ன இடம். தொழில் தொடங்குமுன்பே, குழாயின் ஆழம் பார்க்கத் தெரியாத சர்வேயர் என்று பேர் எடுத்துவிடுவேன். அண்ணாச்சியும் இருக்க மாட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். பரிமாறுகிறவர் வந்து, "குழம்பு சரியில்லியா சார்?" என்று கேட்டார்.

நல்ல மனசு என்னை எழுப்பிவிட்டது என்று சொன்னால் பொய். எழுப்பியது இன்னொரு பயம். இந்தக் கப்பல் அடுத்த துறைமுகத்தில் வேறொரு சர்வேயர் கையில் மாட்டும், அவன் அந்த டாங்கைத் திறப்பான் என்று தோன்றியது. திறக்காவிட்டாலும், இனி வரப்போகிற ஒவ்வொரு கப்பலிலும், நான் தனியாக டேப்பைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு தடவையும், இந்த 3.15 கூடவே வரும் என்று தோன்றியது. அதோடு வாழ எனக்குத் தெம்பு இல்லை. இலையை மூடிவிட்டு வெளியே வந்து சுயம்புலிங்கம் சாரைக் கூப்பிட்டேன். மதியம் அவர் வீட்டில் இருக்கும் நேரம். ஒரே மூச்சில் சொன்னேன்.

"குண்டு எதுல முட்டிச்சு?" என்றார்.

"தெரியல சார்."

"தெரியாதத எப்பிடி எழுதுனீரு?"

 அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"கப்பலுக்குப் போம். நான் வாரேன்."

எனக்குப் பத்து நிமிஷம் கழித்து அவரும் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். ஐம்பத்தெட்டு வயதில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, தன்னுடைய டேப்பைத் தோளில் தொங்கவிட்டபடி கப்பலின் கேங்வே ஏணியில் ஏறினார்.  சீஃப் ஆபீசரிடம் ஆங்கிலத்தில் அமைதியாக விஷயத்தைச் சொன்னார். சீஃப் ஆபீசருக்குக் கோபம். புறப்படுகிற நேரத்தில் டாங்கின் மூடியைத் திறக்கச் சொல்கிறீர்களே, இருபது போல்ட், எல்லாம் துரு என்றார். கப்பல் ஏஜெண்டின் ஆளும் ஓடிவந்தார். "சார், அஞ்சு மணிக்குப் பைலட் சார். லேட்டானா என் தலைதான் உருளும்."

சுயம்புலிங்கம் சார் கைக்குட்டையை எடுத்து அங்கே கிடந்த ஒரு காலி டிரம்மின் மேல் விரித்து உட்கார்ந்தார். "தெறந்தாப் பாத்துட்டுப் போறோம். தெறக்காட்டா இங்கனயே இருக்கோம். எனக்கு ஒரு அவசரமும் இல்ல தம்பி."

திறந்தார்கள். இரண்டு மாலுமிகள் ஆளுயரக் கம்பியைப் போட்டு ஒவ்வொரு போல்ட்டாகத் திருகினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நான் நின்றுகொண்டே இருந்தேன். வெயிலில் இரும்புத் தளம் பூட்ஸைத் தாண்டிச் சுட்டது. உள்ளே காலியாக இருக்க வேண்டும் மாதாவே என்று ஒரு நிமிஷம், தண்ணீர் இருந்துவிடட்டும் என்று ஒரு நிமிஷம் வேண்டிக்கொண்டேன். காலியாக இருந்தால் என் முதல் கணக்கு சரி, அண்ணாச்சியும் கைவிட்டுப் போக மாட்டார். ஆனால் இவ்வளவு பேரை வெயிலில் நிறுத்தியதற்கு நான் முட்டாளாவேன். தண்ணீர் இருந்தால் எல்லாமே போய்விடும்.

கடைசி போல்ட் வந்தது. மூடியை நகர்த்தினார்கள். உள்ளே யாரும் தலையை விடக் கூடாது. மூடிக் கிடந்த டாங்கில் மூச்சு விடக் காற்று இருக்காது. மேலே இருந்தபடியே சுயம்புலிங்கம் சார் டார்ச் அடித்தார். இரண்டு ஆள் ஆழத்தில் கறுப்பாக ஒன்று அசைந்து வெளிச்சத்தைத் திருப்பி அடித்தது.

தண்ணீர்.

"அளந்து எழுதும்" என்றார் என்னிடம்.

முந்நூற்றுப் பதினெட்டு டன். அதைக் கழித்ததும் குறைவு இருபத்துச் சொச்சத்துக்கு வந்துவிட்டது. அவ்வளவு பெரிய கப்பலுக்கு அது ஒரு குறைவே இல்லை. கப்பலின் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்ததில், இரவுப் பணியில் இருந்தவர் இந்த டாங்கில் தண்ணீர் ஏற்றிவிட்டு வேறொரு டாங்கின் வரியில் குறித்திருந்தார். சீஃப் ஆபீசர் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தளத்திலேயே உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுதாரா, தூங்கிவிட்டாரா, எனக்குத் தெரியவில்லை.

அவருடைய அறையில் உட்கார்ந்து அறிக்கையைத் திருத்தி எழுதினேன். முத்திரை வைத்தாயிற்று. சுயம்புலிங்கம் சார் இன்னொரு வெள்ளைத் தாளை என் முன்னால் நகர்த்தினார். "முதல் கணக்கு ஏன் மாறிச்சின்னு தனியா ஒரு கடிதம் எழுதும்."

"என்னன்னு எழுத சார்?"

"நடந்தத எழுதும். இதுக்குக் கம்பெனி சீல் வேண்டாம். உம்ம பேர முழுசா எழுதிக் கையெழுத்துப் போடும்."

எழுதினேன். குழாயின் முழு ஆழத்தை ஒப்பிடாமல் டாங்கு காலி என்று குறித்தது என்னுடைய தவறு. கீழே என் முழுப்பெயர். இருபத்துநாலு வருடத்தில் கம்பெனி பெயர் இல்லாமல் என் பெயர் மட்டும் ஏறிய முதல் காகிதம் அது. மூன்று நகல். ஒன்று கேப்டனுக்கு, ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று கதிரேசன் அண்ணாச்சிக்கு. கப்பல் ஏழு மணிக்குப் போயிற்று.

அண்ணாச்சி மறுநாள் காலையில் பேசினார். "போற கப்பல நிறுத்தி வச்சா எனக்கு ஆப்பு அடிக்கீரு? உம்மள நம்பித்தானவே இருந்தேன்." நான் விளக்க ஆரம்பித்தேன். "வெளங்குது வெளங்குது. ஒம்ம நேர்மையெல்லாம் நல்லா இருக்கட்டும். நம்ம கப்பலுக்கு நான் வேற ஆள் பாத்துக்கிடுதேன்" என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான். தொழில் தொடங்கும் முன்பே அது முடிந்துவிட்டது.

ஜெனோவாவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல், "கடிதத்தத் திருப்பி வாங்கிருங்க. பாரதீப்புக்குப் போங்க. நாங்க இருந்துக்கிடுவோம்" என்றாள்.

அன்று பகலிலேயே போனேன். வாழ்க்கையில் நான் செய்த காரியங்களிலேயே அந்த அறைக்குள் நுழைந்ததுதான் கூச்சமானது. "சார், ராஜினாமாவைத் திருப்பி எடுத்துக்கிடலாம்னு பாக்கேன்" என்றேன்.

அவர் டிராயரைத் திறந்து காட்டினார். பென்சில் பெட்டி, யாரோ ஊழியர் கொடுத்திருக்கக்கூடிய ஒரு ஜெபமாலை, மாத்திரை அட்டை. கடிதம் இல்லை.

"நீரு குடுத்த அன்னைக்கே ஹெட் ஆபீசுக்கு அனுப்பியாச்சு. ஏத்துக்கிட்டாங்க. பாரதீப்புக்கு வேற ஆளும் போட்டாச்சு."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே சார்?"

"நீரு கேக்கவே இல்லியே."

நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் அன்று முதல் தடவையாக என்னை உட்காரச் சொன்னார். ஆறுதலாக ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "நேத்து நான் இருந்தேன், கூப்பிட்டீரு. அடுத்த மாசம் யாரக் கூப்பிடுவீரு? அத இப்பமே யோசிச்சு வையும்" என்றார். எனக்கு அவர்மேல் அப்போது வந்த கோபத்தை இன்றும் நினைவு வைத்திருக்கிறேன். ஆனால் யோசித்தேன். இன்று வரை அதற்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

கடைசி நாளில் மாலை போட்டார்கள், லட்டு கொடுத்தார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கே எழுந்து பூட்ஸ் மாட்டிவிட்டேன். போக இடமில்லை. ஆனாலும் போனேன். துறைமுகக் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களுக்குக் கை காட்டினேன். "என்ன அண்ணாச்சி, எந்தக் கப்பலு?" என்று கேட்டால், "ஒருத்தருக்காகக் காத்திருக்கேன்" என்பேன். இப்படி ஒன்றரை மாதம்.  ராத்திரி சாப்பிடும்போது பிள்ளைகள் இருவரும் என்னிடம் எதுவும் கேட்காமல் இருக்கப் பழகிக்கொண்டார்கள். அதுதான் எனக்கு மிகவும் வலித்தது.

என்னைக் கேட்கும் நான்கு பேருக்கும் இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் தவறை ஒப்புக்கொண்ட கதை துறைமுகத்தில் பரவி, ஆஹா இவரல்லவா மனிதர் என்று கப்பல்காரர்கள் தேடிவந்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. கதை பரவியது உண்மை. சிலர் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். முதல் அழைப்பு வந்ததற்குக் காரணம் வேறு. மாதா கோவில் திருவிழாவில் தேர் இழுக்கும் நாள் அது. என்னைத் தவிர சர்வேயர் எல்லோரும் தேர்க் கூட்டத்தில் இருந்தார்கள், அல்லது போனை எடுக்கவில்லை. உப்பு ஏற்றுமதி செய்கிற ஒருவர் எட்டாவது ஆளாக என்னைக் கூப்பிட்டார். "நீங்க சும்மாதான இருக்கீங்க?" என்றார். ஆமாம் என்றேன்.

சின்னக் கப்பல். ஆறாயிரம் டன் உப்பு. உள்ளே போக அனுமதிச் சீட்டு எழுதுகிறவர், "எந்தக் கம்பெனி?" என்றார். என் பெயரைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். படகில் இறங்கி வெளிப்பக்கத்து எண்களைப் படித்தேன். காற்று அன்றைக்குப் பலமாக இருந்தது. தண்ணீர் எண்ணை முழுங்கித் துப்பிக்கொண்டே இருந்தது. ஒரு தடவை படித்ததை நம்பவில்லை, இரண்டாம் தடவையையும் நம்பவில்லை. படகுக்காரர் சலித்துக்கொண்டார். "போதும் அண்ணாச்சி, எத்தன மட்டம் சுத்துவீங்க?" நான்கு தடவை சுற்றினேன். டாங்கு எல்லாவற்றுக்கும் இரண்டு முறை குண்டு இறக்கினேன். ஒவ்வொன்றுக்கும் குழாயின் முழு ஆழத்தை அட்டவணையில் விரல் வைத்துப் பார்த்தேன். அந்தக் கப்பலின் சீஃப் ஆபீசர் என்னைப் புதிதாக வேலைக்கு வந்தவன் என்று நினைத்திருக்க வேண்டும். இது எத்தனையாவது கப்பல் என்று கேட்டார். முதல் கப்பல் என்றேன்.

இரண்டு மணி நேர வேலைக்கு ஐந்து மணி நேரம் எடுத்துக்கொண்டேன். கையெழுத்திட்டு முடித்து, பையைத் தோளில் போட்டுக் கேங்வேயில் இறங்கினேன். கடைசிப் படியில் கால் வைத்ததும் முழங்கால் இரண்டும் விட்டுப்போயின. அப்படியே கப்பல் கயிறு கட்டும் இரும்புக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன்.  உப்பு மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த இரண்டு தொழிலாளிகள் ஓடிவந்தார்கள். ஒருவர் என் தலையில் தண்ணீர் ஊற்றினார். "வெயிலு தாக்கிட்டு. அண்ணாச்சி, வீட்டுக்குப் போனப் போடட்டா?"

அதற்குள் ஜெனோவாவே கூப்பிட்டுவிட்டாள். பின்னால் தேர்க் கூட்டத்தின் சத்தம் கேட்டது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"சரியா இருந்துச்சா எல்லாம்?"

"இருந்துச்சு."

 பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"நாளைக்கு?"

"நாளைக்கு ஒண்ணுமில்ல."

"சரி. வாங்க. சீலா மீன் வாங்கி வச்சிருக்கேன், பிள்ளைக பசியோட இருக்கு."

தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கட்டையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து பார்த்தேன். கால் நின்றது. பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.